விளம்பரச் சேவையில் வணிகர் எதை மதிக்கிறார்: புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் விற்போருக்கான முழுமையான வழிகாட்டி

குறுஞ்செய்தித் தொகுப்பு, வாட்ஸ்அப் வழியாகச் செய்தி அனுப்பும் சேவை, வாடிக்கையாளர் பட்டியலைப் பராமரிக்கும் மென்பொருள், கூகுள் மேப்பில் கடையைச் சரியாகக் காட்டித் தரும் வேலை, சமூக ஊடகப் பக்கங்களை மாதக் கட்டணத்துக்கு நடத்தித் தருதல் என, வியாபாரத்தைப் பெருக்கும் சேவைகளை வியாபாரிகளுக்கே விற்பது ஒரு தனித் தொழில். இத்தொழிலில் இறங்குபவர்கள் பெரும்பாலும் தம் சேவையின் வசதிகளை வரிசையாக அடுக்கிச் சொல்கிறார்கள். கேட்கும் கடைக்காரரும் தலையசைத்துக் கேட்டுவிட்டு, "பார்க்கலாம் தம்பி, தீபாவளி முடியட்டும்" என்று அனுப்பி வைக்கிறார். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் தயக்கத்தையும் படிப்படியாகக் கண்டறியும் முறையை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். ஒரு வணிகர் எதை மதிக்கிறார் என்பதை "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு அறிவது மிகவும் கடினம். இதற்கு முன் அவர் எதற்குப் பணம் கொடுத்தார், எதை இடையில் நிறுத்தினார், அது தவறியபோது கடையில் யார் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்ற மூன்றையும் விசாரித்தால், அவர் வாய்விட்டுச் சொல்லாதது பெரும்பாலும் தெரிந்துவிடும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றியே அமைந்தவை.

முதற்படி: பணம் எப்படி உள்ளே வருகிறது என்பதை வைத்து வணிகர்களைப் பிரித்தல்

"சிறு வணிகர்கள்" என்று ஒரே பெயரில் அழைப்பதால் பயன் இல்லை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவுதான். அதற்குள்ளேயே முற்றிலும் வேறுபட்ட வணிகங்கள் நடக்கின்றன.

புதுச்சேரி ஒயிட் டவுனில் விருந்தினர் இல்லம் நடத்துபவருக்கு வருமானம் பெரும்பாலும் வார இறுதியில், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவர்களிடமிருந்து கிடைக்கிறது. அந்த முன்பதிவுகளில் பெரும்பகுதி இணையப் பதிவுத் தளங்கள் வழியாக வருவதால், ஒவ்வோர் இரவுக்கும் அவர் தரகு கொடுக்கிறார். எனவே கூடுதல் ஆட்கள் வருவதைக் காட்டிலும், வந்தவர் அடுத்த முறை நேராகத் தொலைபேசியில் அழைத்துப் பதிவு செய்வதுதான் அவருக்குப் பெரிது. நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ துணிக்கடை வைத்திருப்பவருக்கு ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்ற மூன்று பருவங்களே ஆண்டுக் கணக்கைத் தீர்மானிக்கின்றன. பண்ருட்டியில் முந்திரி பதப்படுத்துபவருக்கு மொத்த வியாபாரிகள் சிலர் போதும். ஆயிரக்கணக்கானோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் திட்டத்தால் அவருக்கு ஆவது ஒன்றும் இல்லை. முகம் தெரியாத வெளியூர் வியாபாரி தம்மை நம்பி மாதிரி கேட்கும் அளவுக்கு ஒழுங்கான விவரப் பட்டியலும், தரச் சான்றுகளைக் காட்டும் இணையப் பக்கமும் அவருக்குப் பயன்படும். கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலோ உள்ள ஆலைகளில் முடிவெடுப்பது கொள்முதல் பிரிவு. அங்கே கொட்டேஷன், விற்பனையாளர் பதிவு, கடன் தவணை என்று வேறு ஒழுங்கு நடக்கிறது.

மருத்துவர்களைத் தனியே குறிப்பிட வேண்டும். மருத்துவர்களின் தொழில் நடத்தை குறித்த 2002ஆம் ஆண்டு விதிமுறைகள், நோயாளிகளை ஈர்க்கும் விளம்பரத்தை நெறிமீறலாகக் கருதுகின்றன. ஆகவே தனியே கிளினிக் நடத்தும் ஒரு மருத்துவரிடம் போய் "உங்களைப் பிரபலமாக்குகிறோம்" என்று சொன்னால், அவருக்கு அது ஆபத்தாகவே தெரியும். அதே மருத்துவர், நோயாளிக்கு மறுவருகைத் தேதியை நினைவூட்டும் செய்திக்கு மகிழ்ந்து பணம் தரக்கூடும். மென்பொருள் ஒன்றுதான், மதிக்கப்படும் பயன் வேறாகிவிடுகிறது.

இரண்டாம் படி: கடைக்குள் யார் யார் என்பதைக் கண்டறிதல்

நிறுவனங்கள் பொருள் வாங்கும் முறையை ஆராய்ந்த பிரெடரிக் வெப்ஸ்டர், யோரம் விண்ட் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள், ஒரு கொள்முதலில் ஐந்து பாத்திரங்கள் இருப்பதாக 1972இல் எழுதினார்கள்: பயன்படுத்துபவர், கருத்துச் சொல்லி மனத்தை மாற்றுபவர், வாங்கும் வேலையைச் செய்பவர், முடிவெடுப்பவர், உள்ளே யாரை விடுவது என்று வாசலில் காப்பவர். இது பெரிய ஆலைகளுக்கு மட்டும் பொருந்துவது என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு துணிக்கடையிலேயே ஐவரையும் காணலாம்.

கல்லாவில் அமர்ந்திருக்கும் அப்பா முடிவெடுப்பவர். கல்லூரி முடித்து வந்து கடையைப் புதுப்பிக்க விரும்பும் மகன் கருத்துச் சொல்பவர். பெரும்பாலும் அவர்தான் உங்களை வரச் சொல்லியிருப்பார். பணம் போவதைக் கவனித்து, "இதற்கு ஜிஎஸ்டி பில் உண்டா?" என்று கேட்கும் கணக்கர் வாங்கும் வேலையைச் செய்பவர். மேலாளர் வாசலைக் காப்பவர். பயன்படுத்துபவர் பில் போடும் பெண் ஊழியர். அவரிடம் யாரும் பேசுவதில்லை. ஆனால் உங்கள் சேவை வாழ்வதும் மடிவதும் அவர் கையில்தான் இருக்கிறது. வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியவர் அவர். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில், வரிசை தெருவரை நிற்கும்போது, ஒரு பில்லுக்கு அரை நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும் எந்த ஏற்பாட்டையும் அவர் கைவிட்டுவிடுவார். எண்கள் சேராத மென்பொருளை முதலாளி அடுத்த ஆண்டு புதுப்பிக்கமாட்டார்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: இது தவறினால் இவருக்கு என்ன ஆகும்? அப்பாவுக்குப் பணம் போகும். மகனுக்கு அப்பாவிடம் பேச்சு எடுபடாமல் போகும். என் கருத்தில் இந்த இரண்டாவது இழப்பு முதலாவதைவிடக் கனமானது. மகனுக்கு விற்கும்போது, முதல் மாதத்திலேயே அப்பா கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பலனை அவர் கையில் கொடுப்பதற்குத் திட்டமிடுவதே முறை. தொழிற்பேட்டையில் உள்ள கொள்முதல் அதிகாரிக்கோ தணிக்கையில் கேள்வி வரும். ஏன் இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பதற்குக் கோப்பில் வைக்கும் தாள்கள் அவருக்கு வேண்டும். ஒப்பீட்டு விலைப்பட்டியலையும் வேலை முடித்த சான்றுகளையும் நீங்களே ஒழுங்காகத் தொகுத்துக் கொடுத்தால், பத்து விழுக்காடு தள்ளுபடியைக் காட்டிலும் அதை அவர் மதிக்கலாம்.

மூன்றாம் படி: கடந்ததைக் கேட்டல்

இந்தப் படிக்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும். "இப்படி ஒரு வசதி இருந்தால் வாங்குவீர்களா?" என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். வீடு தேடி வந்தவரை முகம் சுளிக்க வைக்கக் கூடாது என்ற பண்பு நம் பக்கத்தில் ஆழமானது. ஆகவே "நல்லா இருக்கு, செய்யலாம்" என்ற பதிலே வரும். அதை நம்பி முதலீடு செய்தவர்கள் ஏமாறுவது இயல்பு.

நடந்து முடிந்ததைப் பற்றிக் கேட்கும்போது பதில் திடமாகிறது. கடைசியாக விளம்பரத்துக்கு எப்போது செலவு செய்தீர்கள்? அது நோட்டீஸா, ஃபிளெக்ஸா, லோக்கல் கேபிளா, ஃபேஸ்புக்கா? யார் சொல்லி அந்த யோசனை வந்தது? அதற்கு முன் வேறு எதைப் பார்த்து ஒதுக்கினீர்கள், ஏன்? பணம் யார் கையிலிருந்து போனது, முன்பணமா, வேலை முடிந்த பிறகா? பலன் கிடைத்ததா என்பதை எதை வைத்து முடிவு செய்தீர்கள்? மறுபடியும் செய்தீர்களா? இவற்றில் கடைசி இரண்டும் மிக முக்கியமானவை. "நாலு பேர் வந்து பேனரைப் பார்த்ததாகச் சொன்னார்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் எதை ஆதாரமாக ஏற்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லே அவருக்கு அளவுகோல். அவருக்குக் கிளிக் எண்ணிக்கையும் சதவீத வரைபடமும் நிறைந்த அறிக்கையை அனுப்புவது வீண். "இந்தச் செய்தியைக் காட்டுபவருக்கு ஒரு கைக்குட்டை" என்பது போன்ற, கல்லாவில் கண்ணால் எண்ணக்கூடிய ஏற்பாடே அவரை நம்ப வைக்கும்.

நேரமும் முக்கியம். விருந்தினர் இல்லக்காரரைச் சனி, ஞாயிறுகளில் தொந்தரவு செய்யக் கூடாது. செவ்வாய், புதன் பிற்பகல்கள் நல்லவை. கடலூர் முதுநகரில் மீனவர்களின் வருமானத்தை நம்பியிருக்கும் கடைகளில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பேசுவதற்கு நேரம் கிடைக்கும். ஆனால் அப்போது பணம் கேட்பது பொருத்தமாக இராது. அவர்கள் சொல்வதைக் கேட்கப் போங்கள், விற்கப் போகாதீர்கள்.

வாங்கியவர்களிடம் மட்டும் பேசினால் பாதி உண்மைதான் கிடைக்கும். வேண்டாம் என்றவர், ஓராண்டுக்குப் பின் நிறுத்தியவர், உங்கள் போட்டியாளரிடம் இருப்பவர் ஆகிய மூவரையும் தேடிப் போக வேண்டும். நிறுத்தியவர் சொல்லும் காரணம், புதிதாக வந்தவர் சொல்லும் பத்துக் காரணங்களுக்குச் சமம்.

"ரேட் அதிகம்" என்ற சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். கையில் இப்போது பணம் இல்லை என்பது ஒரு பொருள். போட்ட பணம் திரும்புமா என்று தெரியவில்லை என்பது இன்னொன்று. அடுத்த ஆண்டு கட்டணத்தை ஏற்றிவிடுவீர்களோ என்ற அச்சம் வேறொன்று. மரியாதையாக "வேண்டாம்" என்பதும் அதே சொல்லில்தான் வரும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. "விலை பாதியானால் இந்த வாரமே தொடங்கலாமா ஐயா?" என்று கேளுங்கள். உடனே தேதி சொன்னால் விலைதான் சிக்கல். "அதுக்கில்ல..." என்று அவர் தொடங்கினால், உண்மையான காரணம் அடுத்த வாக்கியத்தில் வரும், அப்போது நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும்.

நான்காம் படி: இல்லாவிட்டால் கெடுவது எது, இருந்தால் ஈர்ப்பது எது

ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ 1984இல் முன்வைத்த பகுப்பு இங்கே உதவும். சில பண்புகள் இருந்தால் யாரும் பாராட்டமாட்டார்கள். இல்லாவிட்டால் மட்டும் வாடிக்கையாளர் விலகிவிடுவார். சில பண்புகள் கூடக் கூட மதிப்பும் கூடும். வேறு சில எதிர்பாராத மகிழ்ச்சி தருபவை. விற்பவர்கள் மூன்றாவதைப் பற்றியே பேசுகிறார்கள். வணிகர்கள் முதலாவதில்தான் ஏமாந்திருக்கிறார்கள்.

நம் தொழிலில் அந்த முதல் வகையில் சட்டமும் வரியும் அடங்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் டிஎல்டி எனப்படும், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் பதிவுத் தளத்தில் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் செய்தி வடிவத்துக்கும் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் இல்லாத செய்தி போய்ச் சேராது. வாட்ஸ்அப்பிலும் பெறுபவரின் சம்மதமும் ஒப்புதல் பெற்ற செய்தி வடிவமும் தேவை. கடைக்காரருக்கு இவை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஆடி முதல் நாள் செய்தி போகவில்லை என்றால் விதிமுறையைக் காட்டி விளக்குவதில் பொருள் இல்லை. இந்தத் தாள் வேலை முழுவதையும் நீங்களே முடித்துக் கொடுப்பது, அவர் கேட்காமலே எதிர்பார்க்கும் ஒன்று.

வரிக் கணக்கு இன்னும் நுட்பமானது. புதுச்சேரியில் பதிவு பெற்றவரின் ஜிஎஸ்டி எண் 34 என்றும், தமிழ்நாட்டில் 33 என்றும் தொடங்கும். புதுச்சேரி நிறுவனம் கடலூர்க் கடைக்கு விற்றால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. 18 விழுக்காடும் ஐஜிஎஸ்டியாக, அதாவது மாநிலங்களுக்கு இடையிலான ஒரே வரியாகப் போட வேண்டும். இதைத் தவறாகப் போட்ட பில், வாங்கியவரின் ஆடிட்டரிடம் திரும்பி நிற்கும்.

அதைவிட முக்கியமானது, ஒரே விலை எல்லோருக்கும் ஒரே செலவாக அமைவதில்லை என்பது. 10,000 ரூபாய் சேவைக்கு வரியோடு 11,800 ரூபாய். வாங்கியதற்குக் கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் (உள்ளீட்டு வரி வரவு எடுக்கும்) துணிக்கடைக்கு உண்மைச் செலவு 10,000தான். 5 விழுக்காடு வரி வசூலிக்கும் உணவகம் அந்த வரவை எடுக்க முடியாது. விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் கம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்கும் அதே நிலை. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள விடுதி அறைகளும் வரவு இல்லாத 5 விழுக்காட்டுக்குள் வந்துவிட்டன. இவர்களுக்குச் செலவு முழு 11,800. விருந்தினர் இல்லக்காரர் முன்பைவிட விலையைக் கூர்ந்து கேட்கிறார் என்றால், அதைக் கஞ்சத்தனமாக எண்ணிவிடக் கூடாது.

இவற்றோடு இன்னோர் அச்சமும் உண்டு: "என் வாடிக்கையாளர் நம்பர் எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுமா?" ஒரே தெருவில் நான்கு நகைக்கடைகளுக்குச் சேவை செய்பவரிடம் இந்தக் கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாது, மனத்தில் மட்டும் இருக்கும். பட்டியல் கடைக்காரருக்கே சொந்தம், விலகும்போது எக்ஸெல் கோப்பாகத் திருப்பித் தரப்படும், வேறு எவருக்கும் பயன்படுத்தப்படாது என்று ஒப்பந்தத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, இது நல்லெண்ணம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது.

ஐந்தாம் படி: பயனை அவருடைய கணக்கில் ரூபாயாக எழுதுதல்

கேட்டவற்றை அவருடைய எண்களிலேயே போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஓர் இரவுக்கு 3,000 ரூபாய் வாடகை உள்ள விருந்தினர் இல்லத்தைக் கொள்வோம். பதிவுத் தளத்தின் தரகு 18 விழுக்காடு என்று வைத்தால், இரவுக்கு 540 ரூபாய் போகிறது. உங்கள் சேவையால் மாதம் 20 இரவுகள் நேரடிப் பதிவாக மாறினால் 10,800 ரூபாய் மிச்சம். உங்கள் கட்டணம் வரியோடு 4,720 ரூபாய். ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் லாபம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் நேரடியாக அழைப்பவர் "தளத்தைவிடக் குறைத்துத் தாருங்கள்" என்று கேட்பார். அவருக்கு 10 விழுக்காடு குறைத்தால், 20 இரவுக்கு 6,000 ரூபாய் போய்விடும். மீதம் 80 ரூபாய். இதற்காக இரவு பத்து மணிக்கும் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்றால், அவர் "பார்க்கலாம்" என்று சொன்னதில் நியாயம் இருக்கிறது.

இதே கணக்கு, என்ன விற்க வேண்டும் என்பதையும் காட்டித் தருகிறது. தள்ளுபடியை 5 விழுக்காட்டில் நிறுத்தி, மீதிக்குத் தாமதமாக அறையைக் காலி செய்யும் சலுகை, ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருதல் போன்ற செலவு குறைந்த வசதிகளைச் சொல்ல வைத்தால், மாதம் 3,080 ரூபாய் நிற்கும். தொலைபேசி அழைப்புகளை நீங்களே கவனித்துக்கொண்டால், அதற்குத் தனிக் கட்டணம் கொடுக்கவும் அவர் முன்வரலாம்.

துணிக்கடைக்குக் கணக்கிடும்போது கூடுதல் விற்பனையைச் சொல்லாதீர்கள். லாப விகிதத்தைச் சொல்லுங்கள். ஒரு லட்சம் ரூபாய் கூடுதல் விற்பனையில் 20 விழுக்காடு லாபம் என்றால், அவர் கையில் நிற்பது 20,000. அதிலும் தீபாவளிக்கு எப்படியும் வந்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி எழும். அனுபவமுள்ள முதலாளி இதைக் கட்டாயம் நினைப்பார். பட்டியலில் ஐந்தில் ஒரு பங்கினருக்குச் செய்தி அனுப்பாமல் விட்டு, இரு பிரிவினரும் எந்த அளவு வந்து வாங்கினார்கள் என்று பில் எண்களிலிருந்து ஒப்பிட்டுக் காட்டினால், அந்த ஐயம் தீரும். தன் பலனைக் குறைத்துக் காட்டக்கூடிய சோதனையைத் தானே முன்வந்து செய்யும் விற்பனையாளரை வணிகர்கள் எளிதில் மறப்பதில்லை.

ஆறாம் படி: ரூபாயில் அடங்காதவை

இவை சிலவே, ஆனால் முடிவைத் திருப்பக்கூடியவை. கடையின் பெயருக்கு இழுக்கு வரக் கூடாது என்பது முதலாவது. எழுத்துப் பிழையோடு போன ஒரு வாழ்த்துச் செய்தி, மூன்று தலைமுறைக் கடைக்கு உண்மையான வலி. அழைத்தால் ஆள் வருவாரா என்பது இரண்டாவது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியது. வடகிழக்குப் பருவமழை எந்த வாரத்தில் வியாபாரத்தை நிறுத்தும் என்று சொல்ல முடியாத ஊர்களில், "மழையால் கடை மூடினால் அந்த நாட்களுக்குக் கட்டணம் இல்லை, மீதிச் செய்திகள் அடுத்த மாதத்துக்குப் போகும்" என்ற ஒரு வரிக்கு, சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து விற்கும் பெரிய நிறுவனத்தின் நூறு வசதிகளை எதிர்த்து நிற்கும் பலம் உண்டு.

ஏழாம் படி: வரிசைப்படுத்தி, பணத்தால் சோதித்தல்

இதுவரை கிடைத்த பயன்களை ஒவ்வொன்றாகச் சிறு அட்டைகளில் எழுதுங்கள். நான்கு நான்காக மேசையில் வைத்து, "இதில் மிக முக்கியமானது எது, எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை?" என்று கேளுங்கள். எல்லாமே முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போக இந்த முறை இடம் தராது. கொள்முதல் அதிகாரியும் முதலாளியும் வேறு வேறு அட்டையை எடுத்தால், அந்த வேறுபாடே நீங்கள் தேடிய செய்தி.

விலைக்கு டச்சுப் பொருளியலர் பீட்டர் வான் வெஸ்டன்டார்ப் 1976இல் வகுத்த நான்கு கேள்விகள் உண்டு: எந்த விலையில் இது தரமற்றது என்று ஐயப்படுவீர்கள், எந்த விலையில் மலிவு என்பீர்கள், எப்போது கொஞ்சம் கூடுதல் என்று தோன்றும், எதற்கு மேல் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டீர்கள்? முதல் கேள்வியின் பதில் பலருக்கு வியப்பளிக்கும். மிகக் குறைந்த விலையைக் கண்டால் வணிகர்கள் விலகுகிறார்கள், ஏனெனில் இந்த விலைக்கு இவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்று கணக்கிடுகிறார்கள்.

இறுதிச் சான்று, பணமும் உழைப்பும் கலந்த சிறு சோதனை. இலவசமாகக் கொடுத்தால் பில் போடும் இடத்தில் எண் சேகரிக்க யாரும் மெனக்கெடமாட்டார்கள், பலனும் வராது. சிறு தொகையேனும் பெற்று, ஒரு பருவத்துக்கு மட்டும் ஒப்பந்தம் செய்யுங்கள். அவர் வாடிக்கையாளர் பட்டியலைத் தருகிறாரா, கணக்கரை அறிமுகப்படுத்துகிறாரா, ஊழியருக்கு ஒரு மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்குகிறாரா என்று பாருங்கள். "அருமையான யோசனை" என்று பாராட்டிவிட்டு இவற்றில் ஒன்றையும் தராதவர் இன்னும் வாங்கவில்லை.

எட்டாம் படி: ஒவ்வொரு வகைக்கும் ஒரு பக்கம்

இப்போது முதற்படியில் பிரித்த ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் அவர்கள் சொன்ன சொற்களே இருக்கட்டும். விருந்தினர் இல்லத்துக்கு: "தரகு இல்லாத பதிவுகள், இரவு அழைப்பை நாங்கள் எடுக்கிறோம்." துணிக்கடைக்கு: "பில் வரிசை நிற்காமல் எண் சேரும், எந்த பில் செய்தியால் வந்தது என்று மாதம் ஒரு தாளில் தருகிறோம்." முந்திரி ஆலைக்குச் செய்திச் சேவையே வேண்டாம், விவரப் பட்டியலும் இணையப் பக்கமும் மட்டும். ஒரு வகையினருக்கு உங்களால் உண்மையான பயன் தர முடியவில்லை என்று கணக்குக் காட்டினால், அவர்களை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர்களிடம் விற்றுப் பெறும் பணம், ஓராண்டுக்குள் கெட்ட பெயராகத் திரும்பி வரும்.

இந்தப் பக்கங்களை ஆண்டுக்கு இருமுறை, பொங்கல் முடிந்த தை மாதக் கடைசியிலும் ஆடி தொடங்குவதற்கு முன்பும், வாடிக்கையாளர்களோடு அமர்ந்து திருத்துங்கள். வரி விகிதம் மாறியிருக்கலாம், மகன் பொறுப்பேற்றிருக்கலாம், பில் போடும் ஊழியர் மாறியிருக்கலாம். புதுப்பித்தல் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போய், கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், சென்ற ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த ரூபாய்க் கணக்கையும் உண்மையில் நடந்ததையும் அருகருகே அவர் முன் வையுங்கள். குறைந்திருந்தால், எந்த வரியில் குறைந்தது என்பதை அவரே விரல் வைத்துக் காட்டுவார்.